விளம்பரத்தில் கட்டிய தாலி

அன்று நகைக்கடையின் மாடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடை முதலாளி இருந்தார். அவர் மனைவி இருந்தார். பட்டுச் சேலை, இரண்டு கையிலும் வளையல். எங்கள் வீடியோ கம்பெனி பாஸ் இருந்தார். எந்த வெயிலிலும் டை கட்டுபவர். கேமரா பிடிக்கும் தம்பி இருந்தான். கடையில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர், கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களாக நிற்பதற்கு. கடைக்கு நகை செய்து தரும் ஆசாரி, ஐயராக உட்காருவதற்கு. பூணூல் ஏற்கெனவே போட்டிருந்ததால் அந்த வேஷம் அவருக்கு. ரெம்பியா பக்கம் தோட்டத்தில் மேடை நாடகம் போடும் ஒருவர், மாப்பிள்ளையாக. என் தங்கை, பெண்ணாக. நான்.

வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் பல பேர் சொன்னார்கள். பொய்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மலாக்கா டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் கம்பெனி. தமிழ்ப் படங்களை வீடியோ டேப்பில் போட்டு வாடகைக் கடைகளுக்கு அனுப்புவோம். படம் தொடங்கும் முன் விளம்பரம். இடைவேளையில் விளம்பரம். படம் ஓடும்போதே திரையின் அடியில் எழுத்தாக ஓடும் விளம்பரம். கதாநாயகி புருஷனைப் பறிகொடுத்து அழுவாள், அவளுக்குக் கீழே ஆட்டிறைச்சி மலிவு என்று ஓடும். யாரும் கோபப்பட்டதில்லை. கல்யாண வீடியோ, கடை விளம்பரம் இவற்றையும் நாங்களே எடுத்துக் கொடுத்தோம்.

விளம்பர ஒப்பந்தமும் படப்பிடிப்பு ஒப்பந்தமும் என் பொறுப்பு. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு ரப்பர் எடுக்கும் பால்மர வேலை. பிறகு பத்து பெரண்டாம் என்ற ஊரில் பேக்டரி. பிறகு இது. நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால்தான் பாஸ் என்னை எடுத்தார். கடைக்காரர் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவரே பேசி, அவரே யோசித்து, கடைசியில் அவரே சரி என்பார்.

ஒப்பந்தம் என்றால் ஒன்றரைப் பக்கம். எத்தனை மாதம் ஓடும், யார் நடிப்பார், சேலை யாருடையது, நகை யாருடையது, படம் பிடித்த பிறகு எது யாரிடம் திரும்ப வேண்டும். கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அது என் வழக்கம். எழுத்துத் தெரியாதவர்களும் கடைக்காரர்களில் உண்டு, தெரிந்தும் படிக்காதவர்களும் உண்டு. மளிகைக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நகைக்கடைக்காரர் கேட்கவில்லை.

"படிக்காதம்மா, குடு. ஒங்க பாஸ எனக்குப் பத்து வருஷமாத் தெரியும்" என்றார்.

படப்பிடிப்பு சித்திரை நடுவில். பெண்ணாக நடிக்க சிரம்பானிலிருந்து ஒருத்தி வருவதாக இருந்தது. காலையில் போன் வந்தது. காய்ச்சல். முதலாளி அரை நாள் கடையை அடைத்து, மாடியில் சின்னதாக மணவறை கட்டி, வாழைமரம்கூட வைத்திருந்தார். அவர் முகம் மாறியது. பாஸ் டையைத் தளர்த்தினார்.

என் தங்கைக்கு அன்று பேக்டரியில் லீவு. சேலை கட்டிவிட உதவிக்கு வந்திருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

நான் வேண்டாம் என்றேன். அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. செங் என்ற ஊர்ப் பையன், பேக்டரியில் மெஷின் பார்ப்பவன். ஆவணியில் கல்யாணம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அந்தக் கல்யாணத்தை நான்தான் பேசி முடித்திருந்தேன்.

"ஒரு நிமிஷ விளம்பரம்லா. யாரு உத்துப் பாக்கப் போறா?" என்றார் பாஸ்.

தங்கை சிரித்தாள். "இருக்கட்டும்க்கா. எனக்கும் ஒரு ஒத்திகை மாதிரி ஆச்சு."

நான் ஒப்பந்தத் தாளின் அடியில் என் கையால் ஒரு வரி எழுதினேன். தாலி கட்டுவது போல் மட்டுமே காட்ட வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. முதலாளியிடம் சத்தமாகப் படித்தேன். சரி சரி என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

தாலி அசல். அவருடைய கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டுத் தாலி. மஞ்சள் கயிறும் அசல். பித்தளை போதும் என்று கேமராத் தம்பி சொன்னான். முதலாளி கேட்கவில்லை. குளோசப்பில் தங்கம் தங்கமாகத் தெரிய வேண்டுமாம்.

தம்பி டேப் ரெக்கார்டரில் கெட்டிமேளத்தைத் தட்டினான். நாடகக்காரர் கயிற்றைத் தங்கை கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். பின்னால் முதலாளியின் மனைவி மாப்பிள்ளையின் அக்காவாக விளக்குப் பிடித்து நின்றார். கயிற்றின் இரண்டு நுனியும் அவர் பக்கம் வந்தன. அவர் விளக்கைக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நுனிகளை வாங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டார். எத்தனையோ கல்யாணத்தில் போட்ட கை. அது யாரையும் கேட்கவில்லை.

ஆசாரி வாய் மந்திரம் சொன்னது. கடைப் பெண்கள் அட்சதை போட்டார்கள். பாஸும் போட்டார். என் கையிலும் அரிசி இருந்தது. நானும் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டு நின்றது.

"ஐயையோ, கை பழக்கத்துல போட்டுட்டேனே" என்றார் அந்த அம்மா.

"இன்னொரு தடவ எடுத்துரலாம் அண்ணே" என்றான் தம்பி.

"எதுக்கு? இதுக்கு மேல எவனும் எடுக்க முடியாது. இதையே போடு" என்றார் முதலாளி.

தங்கை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பின்னால் போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். தாலியை முதலாளி கையில் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அந்த இடத்திலேயே பாஸிடம் சொன்னேன், இந்தக் காட்சி வேண்டாம் என்று. வெட்டிவிடுவதாகச் சொன்னார். வெட்டவில்லை.

வைகாசியில் டேப் வெளியே போனது. அந்த மாதம் வந்த படம் எல்லாருக்கும் பிடித்த நடிகரின் படம். மலாக்காவில் எந்தத் தோட்டத்தில், எந்தத் தாமான் குடியிருப்பில் டேப் ஓடினாலும் முதலில் என் தங்கை கழுத்தில் மூன்று முடிச்சு விழுந்தது. கடைசியில் முதலாளியின் குரல் வரும். எங்கள் கடைத் தாலி, அசல் தங்கம், ஆயிரம் காலத்துப் பயிர் என்று.

பேக்டரி பஸ்ஸில் அவளைக் கூப்பிடும் பெயரே மாறிவிட்டது.

"ஏய் புதுப்பொண்ணு, தள்ளி ஒக்காரு."

"மாப்பிள்ள எங்கடி, ரெம்பியாவுலயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவளும் சிரித்தாள். முதல் வாரம் சிரித்தாள்.

ஆனி மாதம் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். கூட அவருடைய அண்ணன். காப்பி கொடுத்தேன். தொடவில்லை.

"நான் கெட்டவ இல்லம்மா" என்றார் அந்த அம்மா. "ஒந் தங்கச்சிய எனக்குப் புடிச்சுதான் கேட்டு வந்தேன். ஆனா தங்கத் தாலி, மூணு முடிச்சு, மந்திரம், அரிசி. இதுல எது கொறையுது? எம் மவன் ரெண்டாந்தாரமா கட்டுனான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்."

"நடிப்புங்க அத்தை" என்றேன்.

"முடிச்சு நடிப்பு இல்லியே. டேப்ப நிறுத்தி நிறுத்திப் பாத்தோம்."

அவருடைய அண்ணன் ஒரு வழி சொன்னார். கடைக்காரரும் மனைவியும் செங்குக்கு வரட்டும். நாலு பெரியவர்கள் முன்னால், அது தங்கமே இல்லை, நாடகப் பெட்டியில் இருந்த பித்தளை என்று சொல்லட்டும். பித்தளையில் எத்தனை முடிச்சுப் போட்டாலும் அது கல்யாணம் ஆகாது. அதோடு போகட்டும்.

"அவங்க வாயால சொல்லணும்" என்றார் அந்த அம்மா. "ஒன் வாயால இல்ல."

ஆக, தங்கையின் கல்யாணம் அந்த நகைக்கடைக்காரரின் வாயில் இருந்தது. மறுநாள் போனேன். கூட்டம் இல்லாத நேரம். கடைப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் பசியாறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"என்னது? எங் கடைத் தாலிய நானே பித்தளன்னு சொல்லணுமா?" ரொட்டியைக் கீழே வைத்தார். "ஒனக்கு மூள இருக்கா?"

"சபையில வேணாங்க. அந்த வீட்டுல மட்டும் சொன்னாப் போதும்."

"அந்த வீட்டுல சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஊரெல்லாம் தெரியும்லா. அப்புறம் நான் கடைய மூடிட்டு நாசி லெமாக் விக்கவா?"

"அப்ப விளம்பரத்தையாவது நிறுத்துங்க."

"ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கு. நீதான எழுதுன?"

"முடிச்சுப் போடக் கூடாதுன்னும் நான்தான் எழுதுனேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

"நான் போட்டேன். முடிச்சுப் போட்டது எம் பொண்டாட்டி. அவ கையெழுத்துப் போட்டாளா?"

கடைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அது பிடித்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தோ பாரு. ஒந் தங்கச்சிக்குச் சம்பளம் குடுத்தாச்சு. எஸ்டேட்டுப் பொண்ணு கழுத்துல எங் கடைத் தாலி ஒரு நிமிஷம் ஏறுனதே பெரிய கொடுப்பினை. அதுக்கு மேல என்ன எதிர்பாக்குற?"

நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அந்தத் தாலி இப்ப எங்கங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? வித்தாச்சு. அடுத்த வாரமே போயிடுச்சு. தங்கத்த வச்சிக்கிட்டு பூசையா பண்ணுவாங்க?"

ரொட்டியை மறுபடி எடுத்தார்.

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைப் பெண்களில் ஒருத்திக்குத் தெரிந்தது. அவள் சிரிப்பு நின்றுபோனது. ஒரு பெண் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டு அவிழ்த்த தாலி. அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, இன்னொரு பெண்ணின் கல்யாணத்துக்கு விற்றிருக்கிறார். மலாக்காவில் தாலி வாங்கும் எந்த அம்மாவிடமாவது இதைச் சொன்னால் அந்தக் கடைப் படியில் கால் வைப்பாளா?

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளைப் பையன் பேக்டரி கேட்டில் தங்கையைப் பார்த்துப் பேசினானாம். "ஒம் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றானாம். அவள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். அதற்குப் பிறகு வீட்டில் டிவி போடவில்லை. போடாதே என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"விட்டுரு. வேற மாப்பிள்ள பாக்கலாம். அவரு நமக்குப் பெரிய பார்ட்டி."

"சரிங்க பாஸ்" என்றேன்.

விடவில்லை. ஆனால் உடனே செய்யவும் இல்லை. ஆனி முடியப்போகிறது. அடுத்தது ஆடி. ஆடியில் யாரும் தாலி வாங்க மாட்டார்கள். காலியான கடையில் போய்க் கத்தி என்ன பயன்? ஆவணி வரட்டும் என்றிருந்தேன்.

அந்த நாட்களில் வேலையாக இரண்டு முறை அந்தக் கடைக்குப் போனேன். அவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஜாசினிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது என்றார். நல்லதுங்க என்றேன். நான் அடங்கிவிட்டேன் என்று அவர் நினைத்தார். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போவோம். அந்தத் தலையைத்தான் அவருக்குக் காட்டினேன்.

ஆடிக் கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டார். ஆவணிக்குப் புது விளம்பரம் வேண்டுமாம். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது எடுக்க வேண்டும். வாங்க வந்தவர்கள் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். அவரும் பேச வேண்டும். பேட்டி மாதிரி.

"கேள்வி யாரு கேக்குறது?" என்றார்.

"எழுதிருவோங்க" என்றேன்.

எழுதினேன். கேள்வி கேட்பவர் கம்பெனியின் ஒப்பந்தப் பொறுப்பாளர். பதில் சொல்பவர் முதலாளி. இடம், கடைக்குள், வாடிக்கையாளர் முன்னிலையில். எல்லா வரியையும் சத்தமாகப் படித்தேன். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆவணி முதல் ஞாயிறு. கடை நிரம்பியிருந்தது. ரெம்பியாவிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்து வந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே சிவப்பு வெல்வெட் தட்டில் தாலிகள். அம்மாக்கள் கையில் எடுத்து எடை பார்த்தார்கள். கல்யாணப் பெண்கள் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் மனைவி வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாஸ் வரவில்லை. வேறு ஒரு கல்யாண வீடியோவுக்குப் போயிருந்தார். அந்த நாளை நான் அதற்காகத்தான் குறித்தேன்.

வெளியே வேனிலிருந்து சாமான் இறக்கும்போது தம்பியிடம் சொன்னேன்.

"என்ன நடந்தாலும் கேமராவ நிறுத்தாத."

"ஏங்க்கா, என்ன நடக்கப் போவுது?"

"நிறுத்தாத."

விளக்கைப் போட்டான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. முதலாளி முடியைச் சீவிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றார். எனக்கு மைக். முதலில் அவர் விரும்பியதைக் கேட்டேன். எத்தனை வருஷமாகக் கடை நடக்கிறது, என்னென்ன மாடல் இருக்கிறது. நன்றாகப் பேசினார்.

"போன விளம்பரத்துல ஒரு தாலி கட்டுனாங்களே" என்றேன். "அது அசலா, முதலாளி?"

"அசல்! தொள்ளாயிரத்துப் பதினாறு தங்கம். நம்ம கடையில போலிங்கிற பேச்சே கெடையாது." கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கு மூணு முடிச்சுப் போட்டது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரம்மாதான். ராசியான கை." அந்த அம்மா கையில் குங்குமச் சிமிழ் அப்படியே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. முதலாளிக்குப் புரியவில்லை.

"மூணு முடிச்சு போட்டு, எந் தங்கச்சி கழுத்துலேர்ந்து நான் பல்லால கடிச்சு அவுத்துக் குடுத்த அந்தத் தாலி இப்ப எங்க முதலாளி?"

அவர் கேமராவை நோக்கிக் கையை நீட்டினார்.

"என்கிட்ட சொன்னீங்களே. அடுத்த வாரமே வித்தாச்சுன்னு. யாருக்கு வித்தீங்க?"

"கேமராவ ஆஃப் பண்ணுடா!" என்று முதலாளி கத்தினார். தம்பி ஆஃப் பண்ணவில்லை.

"என்னா சொல்றா இந்தப் பொண்ணு?" என்றார் ஒரு பெரியம்மா. "கட்டி அவுத்த தாலிய வித்திருக்கானா?"

"இல்லம்மா, அது சும்மா நடிப்பு, டம்மி, பித்தளம்மா" என்றார் முதலாளி.

"இப்பதான் அசல்னு சொன்னீங்க" என்றேன்.

வெல்வெட் தட்டில் தாலியை வைக்கும் சத்தம் சின்னச் சத்தம்தான். ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. ரெம்பியாக்காரர்கள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். அந்தப் பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று காறித் துப்பினார்.

ஒரு அம்மா மட்டும் போகவில்லை. கொலுசு மாற்ற வந்தவர். "எம் மவளுக்குச் சித்திரக் கடைசியில இங்கதான் தாலி வாங்குனேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "சித்திரக் கடைசியில வாங்குனேன்" என்று மறுபடி சொன்னார். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாவோடு எனக்குப் பகை இல்லை. அவர் மகளோடும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. நான் மைக்கை அவர் பக்கம் நீட்டினேன்.

மறுநாள் பாஸ் டேப்பை அழித்தார். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். "ஒன்னய நம்புனேன்லா" என்றார். டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடையதும் அரிசி போட்ட கைதான். அழித்தால் அழிக்கட்டும். கடையில் நின்ற பெண்கள் போதும். புதன்கிழமைக்குள் பேச்சு செங் வரைக்கும் போய்விட்டது.

வியாழக்கிழமை சாயந்திரம் அவர்கள் வந்தார்கள். முதலாளியும் மனைவியும். கையில் தாம்பாளம். பழம், வெற்றிலை, ஒரு பட்டுச் சேலை. நான் வாசலில் நின்றேன். தங்கை ஷிப்டுக்குக் கிளம்பி, பேக்டரி நீலச் சட்டையில் பின்னால் நின்றாள்.

அவர் என்னிடம் பேசவில்லை. அவளிடம் பேசினார்.

"தங்கச்சி, நாளைக்கே செங்குக்கு வர்றோம். அந்த வீட்டுல பெரியவங்க முன்னால சொல்றோம். அது பித்தள, தாலியே இல்லன்னு. ஒங் கல்யாணம் நடக்கும். பையனுக்கு இன்னும் வேற எடம் பாக்கல, நான் விசாரிச்சிட்டேன். ஒங்க அக்கா மட்டும் கடையில வந்து, தெரியாமப் பேசிட்டேன், அது பித்தளதான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நாலு பொம்பளைங்க முன்னால. அவ்ளோதான்."

ஆனி மாதம் நான் நின்றுகொண்டு கேட்டது இதைத்தான். இப்போது தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். தங்கைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சரி என்றால் போய்ச் சொல்லியிருப்பேன். அந்தக் கடையில், அவர் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருப்பேன்.

தங்கை முதலாளியைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, அது பித்தளையா?"

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார்.

"சொல்லுடி" என்றார் அவர்.

"ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. ஒங்க கையாலதான முடிச்சுப் போட்டீங்க."

அந்த அம்மா கையில் தாம்பாளம் சாய்ந்தது. ஒரு ஆரஞ்சுப் பழம் உருண்டு படியில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"தங்கம்தாம்மா" என்றார் அந்த அம்மா. "தங்கம்தான் கண்ணு. நான் சாமி கும்புடுறவ. அதப் பித்தளன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

"வாய மூடு" என்றார் முதலாளி. "நான் சொல்லிக்கிறேன். இவ வர வேணாம். நான் ஒருத்தன் போதும்."

"வேணாம் அங்கிள்" என்றாள் தங்கை. "ஒங்க பித்தளைய நம்பி ஒத்துக்கிற வீட்டுக்கு நான் போவல."

"யோசிச்சுச் சொல்லும்மா. வாழ்க்க இது."

"யோசிச்சிட்டேன்."

"விளம்பரத்தையும் நிறுத்திடுறேன். எல்லா டேப்பையும் திருப்பி வாங்கி…"

"ஓடட்டும்" என்றாள். "நல்லாத்தான இருக்கேன் அதுல."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போனாள். பேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. ஏறினாள்.

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு நன்றாக இருந்தது. நான் மறுகும்பிடு போடவில்லை. கதவைச் சாத்தினேன்.

அந்த ஆவணியில் அந்தக் கடையில் வாங்கிய தாலியைக் கட்டிக்கொள்ள ஒருத்தியும் தயாராக இல்லை. சித்திரையிலிருந்து வாங்கியவர்கள் வரிசையாக வந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனவர்கள் கோயிலில் வேறு தாலி மாற்றிக் கட்டிக்கொண்டு, பழையதைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எந்தத் தாலி என் தங்கை கழுத்தில் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் திருப்பி வாங்கத்தான் வேண்டியிருந்தது.

அவற்றை உருக்கியவர் ஆசாரி. ஐயராக உட்கார்ந்த அதே ஆசாரி. புரட்டாசியில் என்னைப் பாசாரில் பார்த்தார். மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தன உருக்குனேன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

முப்பத்தொன்று.